பிரகாசியின் முதல் வாக்கு

பிரகாசிக்கு அந்த வைகாசியோடு பதினெட்டு வயது நிரம்பியது. அவள் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

நெய்தல் குடியரசில் இது அதிசயம் ஒன்றும் இல்லை. வாக்காளர் வாரியம் வழக்கம்போல வாழ்த்துச் சொன்னது. சுவரில் இருந்த செய்திப்பலகை காலையிலேயே கணகணவென்று ஒலித்து, 'உங்கள் மகள் இன்று முதல் வாக்காளர். குடியரசு பெருமிதம் கொள்கிறது' என்று வாசித்தது. சலேத் அப்போது மீன் அரிந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே ஓடிவந்து பலகையின் முன்னால் நின்றாள். அதற்குள் பலகை அன்றைய அலை உயரத்துக்குப் போய்விட்டது.

"அளக்கரைக்குப் போயிட்டு வந்துருவோமா?" என்று கேட்டார் அவள் கணவர் கஸ்பார். கதவருகே நின்று அவரும் கேட்டிருந்தார்.

சலேத் தலையை மட்டும் அசைத்தாள். இறந்த பிள்ளை முதல் வாக்குப் போடும் முன்பு, பெற்றவர்கள் அளக்கரை மண்டபத்தில் அதனோடு ஒரே ஒருமுறை பேசலாம். சட்டம் தந்த சலுகை அது. ஏழு வருடமாக அந்த ஒருமுறைக்காகத்தான் அவள் சோறு தின்றாள், தூங்கினாள், எழுந்தாள்.

அளக்கரையைப் பார்க்காத குடிமகன் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இருந்து ஒருமுறை கூட்டிப் போவார்கள், கல்யாணமான புதிதில் ஒருமுறை தாங்களாகவே போவார்கள். குடியரசு பிறந்த நகரம் என்பதால் அங்கே எல்லாமே கொஞ்சம் அதிகப்படியாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். இந்தமுறை ஓடத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. அந்த வாரம்தான் பெரிய வாக்கெடுப்பு.

ஆளில்லா ஓடம் கரையை விட்டதும் அதன் வழிகாட்டிக் குரல் பழைய கதையை ஆரம்பித்தது. பழைய கரையைக் கடல் விழுங்கியபோது மிஞ்சியவர்கள் அளக்கரையின் உப்புக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். இனி நமக்கு நாமே ஒரு நாடு என்று முடிவெடுக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். காய்ந்த காகிதம் ஒன்றுகூட இல்லாததால் ஆளுக்கு ஒரு சிப்பி போட்டார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததைக் குரல் கொஞ்சம் மெழுகிச் சொல்லும். நடந்தது இதுதான். வரிசையில் வந்த ஒருவர் இரண்டு சிப்பி போட்டார். கேட்டதற்கு, "இது எம் பொண்டாட்டிக்கு. அவ இருந்தா போட்டுருப்பால்லா?" என்றார். அவர் மனைவி கடலில் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூடாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அடுத்து வந்த பெண் நான்கு போட்டாள். சாயங்காலம் பார்த்தால் இறந்தவர்களின் குவியல் உயிரோடு இருந்தவர்களின் குவியலைவிட உயரமாக இருந்தது. இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டு, 'கடல் கொண்டவர்க்கும் வாக்கு உண்டு' என்று சட்டத்தின் முதல் வரியை எழுதினார்கள். அழுதுகொண்டே எழுதிய சட்டம் அது. அழுகை நின்ற பிறகும் அதில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

நாளடைவில் கடல் கொண்டவர், காய்ச்சல் கொண்டவர் என்ற பேதமெல்லாம் போய், இறந்தவர் எல்லோருக்கும் வாக்கு என்று ஆனது. கொஞ்ச காலம் சொந்தக்காரர்கள்தான் அவர்களுக்காகப் போட்டார்கள். அப்பா இருந்தால் எந்தப் பக்கம் போட்டிருப்பார் என்று அண்ணன் தம்பிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் பொறியாளர்கள் மறுமனத்தைக் கண்டுபிடித்தார்கள். குழந்தை பிறந்த முப்பதாம் நாள் கழுத்தில் ஒரு நினைவுமணியைக் கட்டிவிடுவார்கள். அது கேட்டதையும் பார்த்ததையும் பேசியதையும் கடைசி மூச்சுவரை சேர்த்து வைக்கும். ஆள் போனபின் அந்த மணியில் இருந்து அவர் மனதை மறுபடி கட்டி எழுப்பி வாக்குக் கேட்பார்கள். சிறுபிள்ளையாக இறந்தால், வாரியமே அந்த மனதைப் பதினெட்டு வயதுவரை வளர்த்துக் கொடுக்கும்.

மறுமனம் பொய் சொல்லாது. யாருக்கும் விலை போகாது. அதனால் குடியரசு மிக நேர்மையான நாடு என்று பெயர் எடுத்தது. ஒரே ஒரு சங்கடம், இறந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். இருந்தவர்களைவிட அவர்கள் மூன்று மடங்காகிவிட்டார்கள். கரையோர ஊர்களை மேட்டுக்கு மாற்ற வேண்டும் என்று தீர்மானம் வரும்போதெல்லாம் அவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்களிடம் கொடுமை எதுவும் இல்லை. அவர்கள் பார்த்த கடல் அவர்கள் மனதில் அன்றைய இடத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீடு, எங்கள் கோயில், எங்கள் கல்லறை என்று உயிரோடு இருக்கையில் சொன்னதையே சொன்னார்கள். பிரகாசியின் ஊரான சங்குமுனையை மாற்றும் தீர்மானமும் அப்படித்தான் ஏழு வருடம் முன்பு தோற்றது. தோற்ற அந்த மழைக்காலத்தில்தான் சங்குமுனையின் அலைச்சுவர் உடைந்தது. பிரகாசி பள்ளிக்கூடம் விட்டு, சுவரை ஒட்டிய தெருவில் வந்துகொண்டிருந்தாள்.

இப்போது அதே தெருவில் அவள் அண்ணன் தனிஸ் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். கடல் பெருகும்போதெல்லாம் வாசல்வரை தண்ணீர் வருகிறது. குடியரசின் சட்டப்படி மாற்றத் தீர்மானம் நிறைவேறாத ஊரிலிருந்து யாரும் தனியாகக் குடிபெயர முடியாது. மேட்டில் நிலம் ஊர்வாரியாகத்தான் கிடைக்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் அவையின் இளைய உறுப்பினர்கள் சிலர் 'இறந்தோர் ஓய்வுத் தீர்மானம்' கொண்டுவந்தார்கள். இறந்தவர் வாக்கை நிறுத்துவது, மறுமனங்களை நிரந்தரமாக அணைப்பது. முதல் வரியைத் திருத்துவதென்றால் இரண்டு குவியலும் சம்மதிக்க வேண்டும். இருந்தவர்களிலும் பெரும்பான்மை, இறந்தவர்களிலும் பெரும்பான்மை. அதுதான் இந்த வாரத்து வாக்கெடுப்பு.

"செத்தவங்க எங்க விடுவாங்க? உக்காந்த நாற்காலி," என்றார் ஓடத்தில் பக்கத்தில் இருந்தவர்.

"நம்ம வேலைய நாம செய்வோம்," என்றார் கஸ்பார். "நான் ஓய்வுக்குத்தான் போடுவேன். தெருத்தெருவாப் போயி சொல்லிருக்கேன். எம் பிள்ளையக் கொன்னதே அவங்க ஓட்டுதான்."

சலேத் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம பிள்ளையும் இப்ப அவங்கள்ல ஒருத்திதான?" என்றாள்.

கஸ்பார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அளக்கரை எப்போதும்போல ஜேஜே என்று இருந்தது. துறைமுகத்திலிருந்து மண்டபம்வரை கடைகள், சர்க்கரையில் வார்த்த சிப்பிகள், உப்புப் பொட்டலங்கள், படம் பிடிக்கிற கூட்டம். பழைய கொட்டகையைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளே அந்த இரண்டு சிப்பிக் குவியல்களும் அப்படியே இருந்தன. உயரமான குவியலுக்கு முன்னால்தான் எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். சலேத் நின்று பார்க்கக்கூட இல்லை.

மண்டபத்தில் திருமேனி என்ற ஊழியர் அவர்களை ஒரு சிறு அறைக்குக் கூட்டிப்போனார். மேசைமேல் இரண்டு செவிச்சங்குகள் இருந்தன. வெண்மையான, பெரிய, உண்மைச் சங்கைப்போலவே செய்த பேசுகருவிகள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் காதுல வச்சுக்கிடுங்க. நேரக் கணக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா கீழ வச்சிட்டா முடிஞ்சுது, திரும்ப எடுக்க முடியாது." சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார். "அம்மா, பழைய குரல எதிர்பாக்காதீங்க. வளந்துருக்கும்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். சலேத் சங்கைக் காதில் வைத்தாள். முதலில் மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அமைதி. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"எம்மா?"

கனத்த, முழுசான குரல். சலேத் அந்தக் குரலை வாழ்க்கையில் கேட்டதே இல்லை. ஆனால் 'எம்மா'வில் அந்த 'மா'வை இழுப்பது அவள் பெற்ற பிள்ளைதான். ஏழு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

"சாப்ட்டியா மக்கா?" என்றாள்.

பிரகாசி சிரித்தாள். "இங்க அதெல்லாம் கிடையாதும்மா. அப்பா இருக்காங்களா?"

"ஏட்டி, இருக்கேன்," என்றார் கஸ்பார்.

"உங்க குரல் என்னப்பா கரகரன்னு ஆயிட்டு?"

"உன் குரலுந்தான் மாறிட்டு." சங்கை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். "எப்படி வளத்தாங்க உன்ன?"

"கேள்வி கேட்டுத்தாம்ப்பா. பாலம் கட்டலாமா, வரி கூட்டலாமான்னு. மொதல்ல எல்லாத்துக்கும் தெரியாது தெரியாதுன்னு சொன்னேன். அப்பொறம் பழகிட்டு."

"கேள்வி இல்லாத நேரத்துல என்ன மக்கா செய்வ?"

"அப்ப நான் இல்லியேம்மா. கேள்வி வந்தாத்தான் முழிப்பேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, "முழிக்கதுதான் கொஞ்சம்..." என்று நிறுத்தினாள்.

"என்ன? சொல்லு."

"மணியில கடைசியா இருக்கது அந்தத் தண்ணிதானம்மா. அதுல இருந்துதான் முழிச்சு வரணும். கொஞ்ச நேரந்தான். மூக்குல ஏறும், இருட்டா இருக்கும், பொறவு சரியாயிரும்."

ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை, வாசலில் நிற்கும் அம்மாவுக்கு வலிக்கவே இல்லை என்று சொல்லுமே, அந்தத் தொனி. சங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவையுமா?" என்று கேட்டார் கஸ்பார்.

"ஆமாப்பா. இப்பக்கூட அப்படித்தான் வந்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனக்கேன். அவங்கவங்களுக்கு அவங்கவங்க கடைசி." அவள் சட்டென்று பேச்சை மாற்றினாள். "அண்ணன் எப்படி இருக்கான்? பிள்ள பொறந்துருக்காமே, வாரியத்துல சொன்னாங்க? பேரு என்ன?"

"உம் பேருதான்," என்றாள் சலேத்.

அந்தப் பக்கத்தில் ஓசையே இல்லை. போய்விட்டாளோ என்று சலேத் பயந்துபோனாள்.

"அங்கனயா இருக்காங்க? அதே தெருவுலயா?"

"அதே தெருதான் மக்கா."

"அப்ப நான் ஓய்வுக்குத்தாம்மா போடப்போறேன். நான் போட்டா மட்டும் பத்தாதாம், நீங்களும் போடணுமாம். ரெண்டு பேரும் போடுங்க. அண்ணன் வீட்ட மாத்தட்டும். அந்தப் பிள்ளைய அந்தத் தண்ணிக்குள்ள விடாதீங்க."

"சரி மக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா போடுதேன்."

கஸ்பாரும் சரி என்றார். பிறகு பேச எதுவும் இல்லை. அல்லது எல்லாமே இருந்தது. சங்கைக் கீழே வைத்தால் முடிந்தது என்பதால் சலேத் வைக்கவில்லை. வெளியே அடுத்த குடும்பம் காத்திருக்கும் அரவம் கேட்டது. கஸ்பார் தன் சங்கை முத்தமிட்டு மேசைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கடைசியில் பிரகாசியேதான் சொன்னாள். "வச்சிருங்கம்மா. கை வலிக்கும்."

வாக்கெடுப்புக்கு அன்றே கடைசி நாள். வாக்குச்சாவடி மண்டபத்தின் பின்கட்டில் இருந்தது. மற்ற ஊர்களில் உள்ளங்கையை ஒரு தகட்டில் வைத்தால் போதும். அளக்கரையில் மட்டும் பழைய முறையை விடவில்லை. திரைக்குப் பின்னால் இரண்டு பானைகள். ஒன்றில் 'ஓய்வு', மற்றதில் 'வேண்டாம்'. கையில் ஒரு சிப்பி கொடுத்து அனுப்புவார்கள். சிறு அறைகளில் இருந்து அழுத கண்ணோடு வருகிறவர்கள் எல்லோரும் அந்த வரிசைக்குத்தான் வந்தார்கள். ஒரு நடுவயதுக்காரர் சத்தமாகவே புலம்பிக்கொண்டிருந்தார், அவர் மகன் காய்ச்சலில் இருந்துதான் ஒவ்வொரு முறையும் எழுந்து வருகிறானாம்.

கஸ்பார் முதலில் போனார். வெளியே வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சலேத் போனாள்.

சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். எந்தப் பானை என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. சத்தியம் செய்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கையை 'ஓய்வு' பானையின் வாய்க்குக் கொண்டுபோனாள். இந்தச் சிப்பி உள்ளே விழுந்தால், இன்று கேட்ட அந்தக் கனத்த குரல் இனி உலகத்தில் எங்கும் இருக்காது. ஒருமுறைதான் பேசலாம் என்பது தெரியும். இனிமேல் பேச முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் எங்கோ ஒரு மூலையில் ஒரு கேள்விக்காவது அவள் விழித்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள் அல்லவா? இத்தனை பேர் அழுதுகொண்டு ஓய்வுக்குப் போட வந்திருக்கிறார்கள். ஓய்வு எப்படியும் ஜெயித்துவிடும். பெற்றவளும் தன் கையாலேயே அணைத்தாள் என்று இருக்க வேண்டாம்.

கை தானாகத்தான் நகர்ந்தது என்று பிற்பாடு அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் முடிவு வந்தபோது அவர்கள் துறைமுகத்தில், ஓடத்துக்காக நின்ற கூட்டத்தில் இருந்தார்கள். பெரும்பலகையில் அவைத்தலைவரின் குரல் கேட்டது. முதலில் இறந்தோர் குவியல்.

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் ஓய்வு என்று சொல்லியிருந்தார்கள்.

நாற்காலியை விடமாட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாக ஏசப்பட்டவர்கள், எழுந்து போகச் சம்மதமா என்று முதல்முறையாகக் கேட்டதும் சம்மதம் என்றுவிட்டார்கள். இத்தனை வருடமும் பாலத்தையும் வரியையும் பற்றிக் கேட்டார்களே தவிர, இதை ஒருவரும் அவர்களிடம் கேட்டதில்லை. பிள்ளைகளுக்காக விலகிப் போவீர்களா என்று கேட்டால் எந்தத் தகப்பனும் தாயும் வேறென்ன சொல்வார்கள்?

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். யாரோ விம்மினார்கள். அவைத்தலைவர் அடுத்த குவியலை வாசித்தார். இருந்தவர்களில் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். தீர்மானம் தோற்றது.

அதன்பிறகு அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார்கள், பையைத் திறந்து மூடினார்கள். கஸ்பாரின் கைப்பேசி அடித்தது. தனிஸ் கூப்பிடுகிறான். அவர் எடுக்காமல் அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேண்டாம்னு போட்டுட்டேங்க," என்றாள் சலேத். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என்ன அடிச்சாலும் சரி. என்னால முடியல."

கஸ்பார் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"நானுந்தான்," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? ஊரெல்லாம் போயி சொன்னீங்களே?"

"நீ போட்டுருவன்னு நெனச்சேன். பிள்ளைக்குச் சத்தியம் பண்ணுனியே. நீ போட்டுருவ, மத்தவங்களும் போட்டுருவாங்க, நான் ஒருத்தன் போடாட்டா என்னன்னு..." அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சலேத்துக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அழத்தான் தோன்றியது. அதற்கும் தனக்கு அருகதை இல்லை என்று பட்டது.

பலகை மறுபடி கணகணவென்று ஒலித்தது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருப்பதை முடிக்காமல் அவை கலையக்கூடாது என்பது விதி. பாக்கி இருந்த தீர்மானத்தை அவைத்தலைவர் அலுப்போடு வாசித்தார். அளக்கரைப் படகுத்துறை விளக்குகளுக்கு மஞ்சள் நிறமா, வெள்ளை நிறமா? வாக்காளர்கள் அனைவரும் பதிலளிக்கவும்.

சலேத் கணவரின் கையைப் பிடித்தாள். "இதுக்குமா அவளக் கேப்பாங்க?"

"எல்லாத்துக்கும் கேப்பாங்க."

"எப்ப எழுப்புவாங்க? தடுக்க முடியாதா? ஓடிப்போயி அந்தத் திருமேனிகிட்ட சொன்னா..."

பலகையில் இருந்தோர் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. பக்கத்தில் இறந்தோர் கட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறைந்துவிட்டது.

"எழுப்பியாச்சு," என்றார் கஸ்பார்.